மத்தியாஸின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தவன்

வள்ளமுக்கு மத்தியாஸை இதுவரை யாரும் கொன்றதில்லை. ஆசைப்படாமல் இல்லை. ஊரில் கீழத்தெரு முழுக்கவே ஆசைப்பட்டது. அதில் நாலைந்து பேர் ஆயுதத்தோடு முயன்றும் பார்த்தார்கள். ஆழ்கடலில் ஒரு சுறா முயன்றது. தூண்டில் நரம்பை அவனுடைய இடது மணிக்கட்டில் சுற்றி, எலும்பு தெரிய இழுத்துக்கொண்டு போனது. இத்தனை பேர் தோற்ற வேலையை, பஹ்ரைனில் ஒரு காலைப் பொழுதில், அவனுடைய சொந்த நெஞ்சே எடுத்துக்கொண்டது. அதையும் ஒருவன் கெடுத்தான். கெடுத்தவன் கீழத்தெருக்காரன் என்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

வள்ளமுக்கு, குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் நடுவில் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிற ஊர். மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. கோயில் ஒன்றுதான். ஒரே அந்தோணியாருக்கு இரண்டு தெருவும் மெழுகுவர்த்தி ஏற்றி, அடுத்த தெரு நாசமாகப் போகவேண்டும் என்று கேட்கும். அந்தோணியார் இரண்டு மெழுகுவர்த்தியையும் வாங்கிக்கொள்வார்.

பகை எதில் தொடங்கியது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் இரண்டு தெருவும் கொஞ்சம் கூசும். நிலம், பெண், கடல் எல்லை என்று கௌரவமான காரணம் ஒன்றும் கிடையாது. பந்து. கோயில் திருவிழாவுக்கு நடந்த கால்பந்து இறுதி ஆட்டம். மேலத்தெருவுக்குக் கோல் காத்தவன் மத்தியாஸ். கீழத்தெரு ததேயுஸ் உதைத்த பந்து கம்பத்தை உரசிக்கொண்டு போய்ப் பின்னால் மணலில் விழுந்தது. கம்பத்துக்கு உள்ளே போயிற்றா, வெளியே போயிற்றா? வலையைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஓடினார்கள். வலையில் ஓட்டை. வலை பொத்தியே மூன்று வேளையும் தின்கிற ஊர், ஒரு நெத்திலி தப்பினாலும் தூக்கம் வராத ஊர், கோல் கம்பத்தில் கட்டிய பழைய வலையின் ஓட்டையை மட்டும் யாரும் பொத்தவில்லை. பந்து அதன் வழியாகத்தான் வந்தது என்றான் ததேயுஸ். வெளியேதான் போனது என்றான் மத்தியாஸ். பக்கத்து ஊர் கருங்கல்லிலிருந்து வந்திருந்த நடுவர் விசிலை வாயில் வைத்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், ஊதாமலே பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓடினார். அன்றைக்கு எடுக்கப்பட்ட ஒரே நல்ல முடிவு அதுதான்.

அன்று சாயங்காலமே மூக்குகள் உடைந்தன. மறு வருஷம் ததேயுஸின் தம்பி கிளீட்டஸ், வலை வைக்கும் கொட்டகைக்குள் மத்தியாஸின் வலது மணிக்கட்டில் கத்தியை இறக்கினான். தையல் பிரிப்பதற்குள் மத்தியாஸ் இடது கையாலேயே கிளீட்டஸின் காதில் பாதியை அறுத்து எடுத்தான். அந்தப் பாதிக் காதை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியதை ஊரே பார்த்தது. அது எந்தத் தெரு நாய் என்பதில் தனியாக ஒரு சண்டை நடந்தது. வழக்கு குழித்துறையில் நடந்தது. வாய்தாவுக்கு இரண்டு கட்சியும் ஒரே பஸ்ஸில், மேலத்தெரு முன்பக்கமும் கீழத்தெரு பின்பக்கமுமாகப் போய், ஒரே கடையில் புரோட்டா தின்று, தனித்தனியாக ஏப்பம் விட்டுத் திரும்பும்.

இதையெல்லாம் மத்தியாஸ் வாழ்க்கை என்றே நினைத்திருந்தான். மகன் பிபினின் ஜியாமெட்ரி பெட்டியை ஒரு நாள் அவன் அம்மா குளோரி திறந்து பார்க்கும்வரை. உள்ளே காம்பஸ் இருக்கவேண்டிய இடத்தில் மீன் கத்தியின் உடைந்த முனை இருந்தது, நன்றாகத் தீட்டி. யாருக்கு மக்கா இது என்று கேட்டதற்கு, கிளீட்டஸின் மகனுக்கு என்று பயல் வீட்டுப்பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான். குளோரி அழவில்லை. அந்தக் கத்தி முனையைக் கொண்டுவந்து புருஷனின் சோற்றுத் தட்டில் வைத்தாள்.

"நீங்க இங்க கிடந்தா இவன் ஜெயிலுல கிடப்பான். இல்லேன்னா குழியில கிடப்பான். எங்கயாவது போங்க."

மத்தியாஸ் போனான். வெட்டுக்குப் பயந்து ஓடினான் என்றது கீழத்தெரு. மகனுக்குப் பயந்து போனான் என்பதே சரி. தான் இல்லாவிட்டால் பயலுக்குப் படிப்பதற்குப் புத்தகமாவது மிஞ்சும் என்று நினைத்தான்.

பஹ்ரைனில் மீன்பிடி லாஞ்சில் வேலை. போய் இறங்கிய வாரமே லாஞ்சின் பின்பக்கத்தில் ஒருவன் குனிந்து நங்கூரக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். முதுகைப் பார்த்ததுமே மத்தியாஸுக்கு அடையாளம் தெரிந்தது. எத்தனை தடவை அந்த முதுகைக் குறி பார்த்திருக்கிறான். ததேயுஸ். அவனையும் அவன் மனைவி இதே காரணத்துக்காகத் துரத்தியிருந்தாள். இரண்டு பேரையும் அனுப்பிய ஏஜெண்ட் ஒருவன்தான். அவனுக்குத் தெரு வித்தியாசம் கிடையாது. லாஞ்ச் முதலாளி அரபி, இரண்டு பேர் கழுத்திலும் ஒரே அந்தோணியார் பதக்கத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் தம்பி என்று முடிவு செய்து, தலையும் காலும் இடிக்கிற ஒரே அறையைக் கொடுத்தான்.

வருஷக்கணக்காக அந்த அறையில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவேண்டியதை ஐஸ் வண்டி ஓட்டும் ஸ்ரீஜித் வழியாகப் பேசினார்கள். ஸ்ரீஜித் குழித்துறைப் பையன், இரண்டு தெருவுக்கும் சேராதவன். கயிறை விடச் சொல்லு அவன்ட்ட என்பான் ஒருவன். விட்டாச்சுன்னு சொல்லு என்பான் மற்றவன். இரண்டு பேருக்கும் நடுவில் நாலடி தூரம்தான் இருக்கும். கத்தி எடுக்கவில்லை என்பதே பெரிய புண்ணியம்.

அந்தப் புண்ணியத்தையும் கால்பந்துதான் கெடுத்தது. படகுத்துறையில் மீன் இறக்கிக்கொண்டிருந்தபோது ஸ்ரீஜித் தன் போனில் ஒரு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். பந்து கோட்டைத் தாண்டியதா என்று எந்திரம் கண்டுபிடித்துச் சொன்னது. இந்த மெஷின் அன்னைக்கு வள்ளமுக்குல இருந்திருந்தா சில பேரு முகத்தை எங்க கொண்டு வச்சிருப்பானுவ என்று ததேயுஸ் சொன்னான். போனைப் பார்த்துத்தான் சொன்னான்.

மத்தியாஸுக்கு விடியற்காலையிலிருந்தே நெஞ்சுக்குள் யாரோ நங்கூரத்தைப் போட்டு இழுப்பதுபோல இருந்தது. வாயு என்று நினைத்து இஞ்சி தட்டிப் போட்டு கட்டன் சாயா குடித்திருந்தான். இப்போது வாயு எங்கே போனதென்று தெரியவில்லை. ஐஸ் குத்தும் கம்பியை எடுத்து வீசினான். ததேயுஸின் முன்கை நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. ஐஸ் மேல் ரத்தம் தெளித்தது. இரண்டாவது வீச்சு கழுத்துக்கு. கையை ஓங்கினான். ஓங்கிய கை அங்கேயே நின்றது. நெஞ்சுக்குள் கிடந்த நங்கூரத்தை யாரோ ஒரே இழுப்பாக இழுத்தார்கள். மத்தியாஸ் முகம் குப்புற சூரை மீன் குவியலில் விழுந்தான்.

பிறகு கொஞ்ச நேரம் அவன் செத்துக் கிடந்தான். அதனால் ததேயுஸ் அப்போது என்ன நினைத்தான் என்று மத்தியாஸுக்குத் தெரியாது; மத்தியாஸுக்குத் தெரியாதது நமக்கும் வேண்டாம். செய்தது மட்டும் தெரியும். புயலில் ஊரில் பலபேர் செத்த வருஷத்துக்குப் பின், அரசாங்கம் வள்ளமுக்கில் உயிர்காக்கும் பயிற்சி என்று ஒன்றை நடத்தியது. பனியனும் பிரியாணியும் உண்டு என்பதால் கீழத்தெரு முழுக்கப் போயிருந்தது. கீழத்தெரு போனதால் மேலத்தெரு போகவில்லை. அங்கே ரப்பர் பொம்மையின் நெஞ்சில் ஏறிக் குத்திப் படித்ததை, ததேயுஸ் இப்போது எதிரியைப் புரட்டிப்போட்டு அவன் நெஞ்சில் செய்தான். முழு எடையும் போட்டு, கடப்பாரை இறக்குகிற மாதிரி இறக்கினான். முதல் விலா எலும்பு உடைந்த சத்தம் ஐஸ் வண்டி வரைக்கும் கேட்டது. நிறுத்தவில்லை. இரண்டாவது உடைந்தது. பொம்மைக்கு எண்ணிச் செய்யச் சொல்லியிருந்தார்கள், அதனால் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஊர் கேட்க எண்ணினான். முப்பது ஆனதும் குனிந்து வாயில் வாய் வைத்து ஊதினான். மறுபடி குத்தினான். கிழிந்த கையிலிருந்து ரத்தம் மத்தியாஸின் முகமெல்லாம் ஒழுகியது.

ஸ்ரீஜித் சண்டையைப் படம் எடுக்கவேண்டும் என்றுதான் போனைத் திருப்பினான். அவன் பொத்தானை அழுத்தும்போது சண்டை முடிந்துவிட்டிருந்தது. போனில் பதிந்தது இவ்வளவுதான்: மத்தியாஸ் முகம் நிறைய ரத்தத்தோடு அசையாமல் கிடக்கிறான், ததேயுஸ் மேலே ஏறி உட்கார்ந்து, எலும்பு நொறுங்கக் குத்துகிறான், குத்துக்குக் குத்து எண்ணுகிறான், நடுநடுவே குனிந்து உதட்டைக் கடிக்கிறான். ஆம்புலன்ஸ் வந்த கலவரத்தில் ஸ்ரீஜித் அதை வள்ளமுக்கு ஆள் ஒருவனுக்கு அனுப்பிவிட்டான், நம்ம அண்ணமாருக்க அடி என்று மட்டும் எழுதி. அனுப்பிவிட்டு அவனும் ஆம்புலன்ஸில் ஏறினான்.

ஆம்புலன்ஸில் மத்தியாஸுக்கு மின்சாரம் வைத்தார்கள். முதல் தடவை உடம்பு துள்ளி விழுந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை, அவுட்போர்டு எஞ்சின் பின்னால் உதைத்து நெஞ்சில் பாய்ந்ததுபோல ஒரு அடி. கண்ணைத் திறந்தான். உயிர் வந்ததும் அவன் செய்த முதல் காரியம், குனிந்து நின்ற ஆளின் தாடையில் ஒரு குத்து விட்டதுதான். மத்தியாஸை அறிந்தவர்களுக்கு அது நல்ல அறிகுறி. அந்த ஆளுக்குத் தெரியவில்லை. கைகளை வாரால் கட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் எகிப்து டாக்டர் ஒருவர் தயாராக நின்றார். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு நெஞ்சுக்குப் போகவேண்டும் என்று வலது கையைத் திருப்பிப் பார்த்தார். கிளீட்டஸின் வெட்டுத் தழும்பு குறுக்கே மரவட்டையாகக் கிடந்தது. அங்கே நாடியே இல்லை. இடது கையைத் திருப்பினார். சுறாவின் தழும்பு. நர்ஸ் ஜெபசீலி கருங்கல்காரி. அவள் கேட்டு மொழிபெயர்த்தாள்: இது விரோதி, இது மீன். டாக்டர் பெருமூச்சு விட்டுத் தொடை இடுக்கில் துளை போட்டார்.

மத்தியாஸை மயக்கவில்லை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் உடைந்த விலா உள்ளேயிருந்து குத்தியது. பக்கத்துத் திரையில் கறுப்பாக ஒரு வலை துடித்துக்கொண்டிருந்தது. அதுதான் உங்க நெஞ்சு என்றாள் ஜெபசீலி. அதில் ஒரு கயிறு பாதியில் அறுந்து நின்றது. மெல்லிய கம்பி ஒன்று ஊர்ந்து ஊர்ந்து அங்கே போய், முட்டி, நுழைந்தது. பலூன் ஊதினார்கள். காலையில் போன நங்கூரம் திரும்பி வந்து நெஞ்சைப் பிடித்துப் பிளந்தது. மத்தியாஸ் அலறிய அலறலில் அவன் கையைக் கட்டியிருந்த வார் தோலை அறுத்தது. பிறகு பலூன் சுருங்க, அறுந்து நின்ற கயிற்றில் கறுப்பு பாய்ந்தது. அங்கே ஒரு சின்னக் கம்பி வலையை வைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று விளக்கினாள். மத்தியாஸ் யோசித்தான்.

"அதுல ஓட்டை உண்டா?"

"ஓட்டை இருந்தாத்தான அண்ணே வலை. பேசாம கிடங்க."

கட்டிலுக்குக் கொண்டுவந்து, கை வாரை அவிழ்த்து, தொடைத் துளையின் மேல் மணல் மூட்டை ஒன்றைத் தூக்கி வைத்தார்கள். காலை மடக்கக்கூடாது. தலையைத் தூக்கக்கூடாது. இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது, கத்தக்கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து போட்டிருக்கிறது, துளை திறந்தால் நிற்காது என்று ஜெபசீலி சொன்னாள். ததேயுஸ்தான் குத்தி உயிரைப் பிடித்து நிறுத்தினான் என்பதையும் ஸ்ரீஜித் சொன்னதாகச் சொன்னாள். மத்தியாஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். விலாவின் வலி அவ்வளவு பெரிதில்லை. அந்தப் பயலின் மூச்சு தன் நெஞ்சுக்குள் போய்வந்திருக்கிறது என்பதுதான் பொறுக்கவில்லை.

அப்போது போன் அடித்தது. வெகு நேரமாக அடித்துக்கொண்டிருந்ததாம். ஜெபசீலி அதை அவன் காதில் வைத்தாள். குளோரி.

"உயிரோட இருக்கியளா?" என்றாள். ஆம் என்றதும் அவள் அழுகையும் சொல்லுமாகக் கொட்டினாள். ஊரே படத்தைப் பார்த்துவிட்டது. மேலத்தெரு இறங்கிவிட்டது. கிளீட்டஸின் வீட்டு ஓடு ஒன்று மிச்சமில்லை. வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியாயிற்று. அவன் அண்ணி, ததேயுஸின் மனைவி, தலையில் கல் விழுந்து மண்டை பிளந்து கிடக்கிறாள். கீழத்தெரு பதிலுக்கு எறிந்த பெட்ரோல் குப்பியில் மேலத்தெருவில் இரண்டு கூரை எரிகிறது. கிளீட்டஸ் வலைக் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான். வாசலில் பிபின் வெட்டுகத்தியோடு நிற்கிறான். கதவில் ஒரு பலகைதான் பாக்கி. காவல் வண்டி முக்கில் நிற்கிறது, கூடுதல் ஆள் வரட்டும் என்று.

"ததேயுஸ் என்னை அடிக்கல்ல," என்றான் மத்தியாஸ். அந்த வாக்கியத்தைச் சொல்ல, பலூன் ஊதியபோது பட்ட பாட்டைவிட அதிகம் பட்டான்.

"அவனே ஒத்துக்கிட்டான். கிளீட்டஸ் போன் போட்டு அடிச்சியான்னு கேட்டதுக்கு, ஆமா அடிச்சேன், இப்ப என்னன்னு கேட்டானாம். ஊரு முழுக்கக் கேட்டாச்சு."

மத்தியாஸுக்கு அது உடனே புரிந்தது. அவனாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான். விரோதியின் வாயில் வாய் வைத்தேன் என்று எந்த ஆண்பிள்ளை தம்பியிடம் சொல்வான்.

பிபினிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். முகம் தெரிய வரச் சொன்னான். ஜெபசீலி போனைத் தலைக்கு மேலே பிடித்தாள். திரையில் புகையும் தீ வெளிச்சமும், நடுவில் மகனும். பயலின் சட்டையில் யாருடையதோ ரத்தம். ஜியாமெட்ரி பெட்டி வைத்திருந்த அதே முகம், இப்போது மீசையோடு. மத்தியாஸ் குரலை உயர்த்தாமல், வலி மருந்தில் குழைந்த நாக்கோடு, நடந்ததைச் சொன்னான். நெஞ்சு நின்றது, ததேயுஸ்தான் காப்பாற்றினான், அவன் நல்லது செய்தான், கத்தியைக் கீழே போடு மக்கா.

பின்னால் மேலத்தெரு அமைதியாயிற்று. மத்தியாஸ் நிம்மதியடைந்தான். அது சந்தேகத்தின் அமைதி என்று அவனுக்குத் தெரியவில்லை. ததேயுஸ், நல்லது என்ற இரண்டு சொற்களும் அவன் வாயிலிருந்து சேர்ந்து வந்ததை அவனைப் பெற்றவளே கேட்டதில்லை.

பிபின் திரைக்கு அருகே வந்தான். "அப்பா, ஒங்க பக்கத்துல ஆரு நிக்கா? கழுத்துல கத்தி வச்சிருக்கானுவளா? வச்சிருந்தா ஒண்ணும் சொல்லாண்டாம். கண்ணை மட்டும் ரெண்டு தடவை சிமிட்டுங்க."

நெற்றி வியர்வை மத்தியாஸின் கண்ணில் இறங்கியது. சிமிட்டினான். எரிந்தது. இன்னொரு தடவை சிமிட்டினான்.

மேலத்தெரு எழுப்பிய ஓசையில் போனே அதிர்ந்தது. பிபின் திரும்பிக் கொட்டகையை நோக்கி நடக்கிற முதுகு தெரிந்தது. கதவில் வெட்டு விழுகிற சத்தம். பலகை பிளந்தது. உள்ளேயிருந்து கிளீட்டஸ் எதையோ எறிந்தான், யாரோ கதறினார்கள்.

மத்தியாஸ் அந்த முதுகைப் பார்த்தான். உண்மையைச் சொல்லி அதைத் திருப்ப முடியாது. நயமாகச் சொல்லியும் முடியாது. நயமாகப் பேசுகிறவன் பிபினுக்கு அப்பா இல்லை.

மணல் மூட்டையை மறந்தான். முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். உடைந்த விலாக்கள் ஒன்றோடொன்று அரைபட, வாயைத் திறந்தான்.

அதிலிருந்து முதலில் வந்தவை அச்சில் ஏறா. ததேயுஸின் அம்மாவில் தொடங்கி, அவன் பிறந்த விதம், வளர்ந்த விதம், அவனுடைய உடலுறுப்புகளின் நீள அகலம், கீழத்தெருவின் பரம்பரைத் தொழில்கள், அந்தோணியாரை வைத்துச் சில சத்தியங்கள் என்று ஒரே மூச்சில் போயிற்று. வலைக் கொட்டகை வாசலில் வெட்டுச் சத்தம் நின்றது. பிபின் திரும்பிப் பார்த்தான்.

"கேட்டுக்கலே பிபினே. அந்தக் கிளீட்டஸுக்க காதுல பாதி நான் எடுத்தது. மீதியும் எனக்குள்ளதாக்கும். ததேயுஸுக்க தலையும் எனக்குள்ளது. நான் வந்து வெட்டுவேன். அதுக்குள்ள எவனாவது தொட்டான்னா, அவனத்தான் மொதல்ல வெட்டுவேன். அது நீயானாலும் சரி. எனக்க கணக்குல கை வைக்க நீ ஆருலே?"

தொடையில் சூடாக எதுவோ பாய்ந்தது. ஜெபசீலி போனை அவன் மார்பில் போட்டுவிட்டு, இரண்டு முஷ்டியையும் சேர்த்துத் தொடை இடுக்கில் வைத்து, முழு எடையோடு ஏறி அழுத்தினாள். விரலிடுக்கில் ரத்தம் பீறிட்டு அவள் கழுத்து வரை தெறித்தது. மத்தியாஸ் நிறுத்தவில்லை. அவள் அழுத்த அழுத்த இன்னும் உரத்து வந்தது. ஓடிவந்த எகிப்து டாக்டர், இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஜெபசீலிக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் புரிந்திருந்தது. கருங்கல் சந்தையில்கூட இத்தனையும் ஒரே நாளில் கேட்டதில்லை.

"பிரார்த்தனை," என்றாள்.

அந்தோணியாரின் பெயர் அடிக்கடி வந்ததால் டாக்டர் நம்பினார்.

மார்பில் கிடந்த போனில் பிபினின் குரல் கேட்டது. "அப்பாதான்," என்று யாரிடமோ சொன்னான். "அப்பாவேதான். விடுங்கலே. வந்து வெட்டுவாரு." மேலத்தெருவில் சிலர் அழுதார்கள், தலைவன் பிழைத்துவிட்ட ஆனந்தம். கூட்டம் கலைந்து கூரைத் தீயை அணைக்கப் போயிற்று. மத்தியாஸ் அதைக் கேட்டுவிட்டு மயங்கினான்.

ததேயுஸ் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வந்தான், கை முழுக்கக் கட்டோடு. கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி நின்றான். ஸ்ரீஜித்தைத் தேடினான், இல்லை. வேறு வழியில்லாமல் நேராகப் பேசவேண்டியதாயிற்று.

"ஊருக்கு வந்து என்னை வெட்டுவேன்னு சொன்னியாம்."

"சொன்னேன்."

"எப்ப?"

"டாக்டர் சொல்லட்டு."

ததேயுஸ் தம்பியுடைய வள்ளம் கரியானதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தன் மனைவியின் தலையில் போட்ட தையலைப் பற்றியும் சொல்லவில்லை. ஒரு பாக்கெட் பேரீச்சம்பழத்தைக் கட்டில் ஓரத்தில் எறிந்துவிட்டுப் போனான். எறிந்ததால் அது அன்பளிப்பில் சேராது.

மத்தியாஸ் ஊருக்கு வந்துவிட்டான். மேலத்தெரு மாலை போட்டு அழைத்து, எப்போது என்று கேட்டது. கனமானது எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றான். வெட்டுகத்தி அவ்வளவு கனமா என்று ஒருவர் நியாயமாகவே கேட்டார். ஊரையே ரத்தம் பார்க்கவைத்தவன் இப்போது முகம் மழிக்கும்போது பஞ்சோடு உட்கார்ந்தான். மருந்தின் வேலை அப்படி. மீன் செதில் கீறினாலும் சாயங்காலம் வரை ஒழுகும். கீழத்தெருவில் இது தெரிந்தால் ஒரு சின்னக் கத்தி போதும் அவனுக்கு. குளோரியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

பிபின் மட்டும் கேட்கவே இல்லை. அந்த வெட்டுகத்தியை எண்ணெய் தடவித் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தான். திருவிழாவுக்கு ததேயுஸ் விடுமுறையில் வருகிறான் என்று தெரிந்த அன்றுதான் வாயைத் திறந்தான். "அப்பா, ஒங்களுக்கு முடியல்லேன்னா சொல்லுங்க. நான் பாத்துக்கிடுதேன்." பரிவாகத்தான் சொன்னான்.

திருவிழா ஆட்டத்தைப் பார்க்க இரண்டு தெருவும் வந்திருந்தது. பந்தை யாரும் பார்க்கவில்லை. மேற்கே மத்தியாஸ், அவன் பின்னால் துண்டுக்குள் கத்தியைச் சுருட்டிய பிபின். கிழக்கே ததேயுஸ், அருகில் பாதிக் காதோடு கிளீட்டஸ், அவன் காலடியில் ஒரு சாக்கு. இடைவேளையில் பிபின் குனிந்து, நீங்க இருங்கப்பா, நான் போயிட்டு வாறேன் என்று எழுந்தான்.

அவன் ஓரடி வைப்பதற்குள் மத்தியாஸ் எழுந்து மைதானத்துக்குள் இறங்கிவிட்டான். கையில் ஒன்றுமில்லை. நேராகப் போய் ததேயுஸின் கன்னத்தில் விட்டான் ஒன்று. உதடு பிளந்து ஒரு பல் மணலில் விழுந்தது. ததேயுஸ் ரத்தத்தைத் துப்பினான். திருப்பி அடிக்காவிட்டால் கிளீட்டஸின் சாக்கு அவிழும். முஷ்டியை ஓங்கினான். மத்தியாஸின் நெஞ்சில் இடது பக்கம் வந்து முஷ்டி நின்றது. எந்த எலும்பு எங்கே உடைந்தது என்று உடைத்தவனுக்குத் தெரியாதா. குனிந்து இடுப்போடு கட்டித் தூக்கி மணலில் சாய்த்து, மேலே ஏறி உட்கார்ந்தான்.

இரண்டு தெருவும் பாய்ந்தது. எவனும் கிட்ட வரப்படாது, இது எங்களுக்குள்ளது என்று கீழேயிருந்து மத்தியாஸ் கர்ஜித்தான். இரண்டு தெருவும் நின்றது. இப்படியொரு அடியை யாரும் பார்த்ததில்லை. மணல் பறந்தது. பிபின் துண்டைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்தான். படம் எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கத்தி மணலில் கிடந்தது. குளோரி யாரும் பார்க்காமல் வந்து அதை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள். மறுநாள் அதில் சூரை வெட்டினாள். யார் ஜெயித்தது என்று இன்றைக்கும் இரண்டு தெருவும் தனித்தனியாகச் சொல்லும்.

ஒன்று மட்டும் யாருக்கும் கேட்கவில்லை, படத்திலும் விழவில்லை. மேலே உட்கார்ந்தவனின் எடை முழுக்க அவன் முழங்காலில் மணலில்தான் இருந்தது. அவன் குனிந்து கேட்டான்.

"மாத்திரை தின்னியாலே?"

"தின்னேன். நீ குத்து, பாத்துட்டு நிக்கானுவ."

ததேயுஸ் குத்தினான், மத்தியாஸின் காதுக்குப் பக்கத்து மணலில், ஊர் கேட்க எண்ணிக்கொண்டே. பத்தைத் தாண்டியபோது கீழே கிடந்தவன் மூச்சு வாங்கியபடி சொன்னான்.

"ஆனாலும் அது கோலு இல்ல."

அதற்கு அடுத்த குத்து மட்டும் மணலில் விழவில்லை.